900 வெள்ளிக்குள் பாலிடெக்னிக் மாணவருக்கு மடிக்கணினி: நான் பார்த்து வாங்கும் முறை

போன மாதம் அக்கா மகனுக்கு இங்கே சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் (சுருக்கமாகப் பாலி) இடம் கிடைத்தது. நல்ல செய்தியைச் சொன்ன கையோடு அக்கா கேட்டார்: "தம்பி, லேப்டாப் எது வாங்கலாம்? 900 வெள்ளிக்கு மேல என்னால முடியாது."

2023ல் என் மகள் பாலியில் சேர்ந்தபோது நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். ஒரு கணினிக் கண்காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வாங்கினேன், வாங்கிய எட்டாம் மாதம் வருந்தினேன். அந்தத் தவறு அக்கா வீட்டில் நடக்கக் கூடாது என்று இந்த முறை உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கடைக்கு முன் பள்ளி

எந்தத் துறையில் சேர்கிறாரோ அந்தத் துறை, மடிக்கணினிக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்கும். சேர்க்கைக் கடிதத்தோடு வரும், அல்லது பள்ளியின் இணையப் பக்கத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். வணிகம் படிப்பவருக்கும் இயந்திரப் பொறியியல் படிப்பவருக்கும் ஒரே கணினி பொருந்தாது. சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். "ஆப்பிள்தான் நீடிச்சு உழைக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி மேக்புக் வாங்கிவிட்டு, பாடத்துக்கு விண்டோஸ் வேண்டும் என்று பிறகு தெரிந்தால் யாரைக் கேட்பது?

குரோம்புக் விலை குறைவாக இருக்கும். பாலிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸாம்ப்ளிஃபை போன்ற தேர்வு மென்பொருள் அதில் ஓடாது. ஸ்னாப்டிராகன் சில்லு (கணினியின் மூளையான பிராசசர்) உள்ள விண்டோஸ் கணினிகளும் இப்போது நிறைய வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் எல்லா மென்பொருளும் அதில் ஓடும் என்று சொல்ல முடியாது. பள்ளியில் கேட்டு உறுதி செய்த பிறகு அதைத் தொடுங்கள்.

வீட்டு வருமானம் குறைவாக இருந்தால் ஒரு காசு செலவழிக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் திட்டம் 2023லிருந்து இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை விலையில் மடிக்கணினியும் இணைய இணைப்பும் தருகிறார்கள். இது தெரியாமலே பலர் தவணையில் வாங்குகிறார்கள்.

இரண்டாம் படி: பெயரைப் படிக்காதீர்கள், எண்ணைப் படியுங்கள்

விலை அட்டையில் பெரிய எழுத்தில் "ரைசன் 5" என்றோ "கோர் ஐ5" என்றோ இருக்கும். அது சில்லின் குடும்பப் பெயர் மாதிரி. ஒரே குடும்பத்தில் அண்ணனும் உண்டு, தம்பியும் உண்டு. ஆளைத் தெரிந்துகொள்ள அதன் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

என் மகளுக்கு வாங்கிய அன்று விற்பனையாளர் சொன்னது: "ரைசன் 5, 7000 தொடர், புதுசு சார்." அவர் சொன்னதில் பொய் இல்லை. சில்லின் முழுப் பெயர் ரைசன் 5 7520யு. அதே நாளில் பக்கத்துக் கடையில் 7530யு இருந்தது, எழுபது வெள்ளிதான் அதிகம். ஒரே ஒரு இலக்கம்தானே வித்தியாசம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு இலக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் தொடரில் மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, அது 2019ல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் 2020ல் வந்த ஜென் 3. 4 என்றால் 2022ல் வந்த ஜென் 4. 7520யுவில் நான்கு கோர் (சில்லுக்குள் வேலை செய்யும் பகுதி), 7530யுவில் ஆறு கோர். முன்னால் இருக்கும் 7 விற்பனை ஆண்டை மட்டும் குறிக்கிறது. கட்டுரை எழுதவும் வகுப்பு வீடியோ பார்க்கவும் 7520யு போதும், அதைக் குறை சொல்லவில்லை. மகள் படித்தது தகவல் தொழில்நுட்பம், அதற்கு அது போதவில்லை.

இந்தக் கணக்கு நான்கு இலக்கம் உள்ள 7000, 8000 தொடர்களுக்கு மட்டும்தான். புதிதாக வரும் ரைசன் ஏஐ பெயர்களுக்குப் பொருந்தாது.

இன்டெல் பக்கம் வந்தால் ஒரு எழுத்தைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக என்100 அல்லது ஐ3-என்305, அதில் மின்சாரம் சேமிக்கும் சிறிய கோர்கள் மட்டுமே இருக்கும். ஐ3-1215யு என்பது வேறு, அதில் பெரிய கோர்களும் உண்டு. இரண்டுக்கும் அட்டையில் ஐ3 என்றுதான் போட்டிருப்பார்கள்.

கடையில் நின்றுகொண்டே முழு எண்ணையும் கைபேசியில் தட்டித் தேடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அவசரப்படுத்துகிற கடையில் வாங்க வேண்டாம்.

மூன்றாம் படி: ரேம் ஒட்டியதா, செருகியதா?

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

8 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி வைத்துக்கொள்ளும் நினைவகம்) உள்ளதை வாங்கும்போது என் கணக்கு எளிதாக இருந்தது: இப்போதைக்கு 8 போதும், தேவைப்பட்டால் பிறகு இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். பழைய மேசைக் கணினியில் அப்படித்தானே செய்தோம். இரண்டாம் பருவத்தில் மகளுக்குக் கைபேசிச் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ பாடம் வந்தது. அதை எமுலேட்டரோடு (கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசி) ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. எமுலேட்டரைத் திறந்ததும் மவுஸ் அம்பு திரையில் விட்டுவிட்டு நகரும். டீம்ஸையும் குரோமையும் மூடிவிட்டுத்தான் அவள் வேலை செய்வாள். நள்ளிரவுக்கு மேலும் அறையில் விளக்கு எரிந்தது.

சிம் லிம் ஸ்குவேரில் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் அடிமூடியின் திருகுகளைக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். மூடியைத் தூக்கினார், கணினியை என் பக்கம் திருப்பினார். விரல் நக அளவில் நான்கு கறுப்புச் சதுரங்கள் பச்சைப் பலகையோடு பலகையாக ஈயம் வைத்து ஒட்டியிருந்தன. "இதுதான் உங்க ரேம். போட இடமே கிடையாது" என்றார். திருகுகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மெல்லிய கணினிகளில் பலவற்றில் ரேமை இப்படித்தான் ஒட்டியிருப்பார்கள். வாங்கும் முன்பே கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. விவரத் தாளில் ரேம் வகை எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் பெரும்பாலும் ஒட்டியதுதான். டிடிஆர்4, டிடிஆர்5 என்று இருந்து, பக்கத்தில் சோடிம் என்ற சொல்லும் இருந்தால் செருகியது. 'ஆன்போர்டு' என்று இருந்தால் அந்தப் பகுதி ஒட்டியது.

இரண்டாவது வழி கடையில் ஓடிக்கொண்டிருக்கும் காட்சிக் கணினியிலேயே பார்ப்பது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரி இருக்கும். அதில் 'சோடிம்' என்று இருந்தால் மாற்றலாம், 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ஒட்டியது. என் மகளின் கணினியில் அந்த வரி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

என் கருத்து இதுதான்: ஒட்டிய ரேம் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். செருகும் இடம் இருந்தால் 8ல் தொடங்கலாம். ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது, பிறகு வாங்கிப் போடுவது முன்போல மலிவில்லை. காசு இறுக்கமாக இருந்தால் சில்லில் ஒரு படி இறங்குங்கள், திரையின் அளவில் இறங்குங்கள். ரேமில் மட்டும் இறங்க வேண்டாம்.

நான்காம் படி: மற்றவை

சேமிப்பு 512 ஜிபி எஸ்எஸ்டி. இஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்பு) என்று எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். எஸ்எஸ்டியைப் பெரும்பாலான கணினிகளில் பிறகு மாற்றலாம், அதனால் 256 ஜிபியாக இருந்தாலும் அதற்காக நல்ல கணினியை விட வேண்டாம்.

திரை ஐபிஎஸ் வகையா (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாதது) என்று கேளுங்கள். திரை காட்டும் நிறங்களின் அளவு '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்று இருந்தால் நிறம் வெளுத்துத்தான் தெரியும். கட்டுரை எழுத அது பரவாயில்லை, வடிவமைப்பு படிப்பவருக்கு ஆகாது.

எடை 1.5 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. செங்காங்கிலிருந்து தீவின் மறுமுனைக்கு எம்ஆர்டியில் நின்றபடி போய் வரும் பிள்ளைக்கு அரைக் கிலோ கூடினாலும் தோள் சொல்லும். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்றும் பாருங்கள். சார்ஜரை வீட்டில் விட்டு வந்த நாளில் நண்பனிடம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது

கண்காட்சிக்குப் போகலாம், ஆனால் எந்த மாடல் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். 'இலவசம்' என்று தரும் பையும் மவுசும் விலைக்குள்தான் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு விலையை மட்டும் மற்ற கடையோடு ஒப்பிடுங்கள். உற்பத்தியாளர்களின் இணையக் கடைகளில் மாணவர் விலை என்று தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

இணையத்தில் நம்ப முடியாத விலையில் இருந்தால் லோக்கல் செட்டா (இங்கே விற்க வந்தது), எக்ஸ்போர்ட் செட்டா (வேறு நாட்டுக்கானது) என்று கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட் என்றால் சிங்கப்பூரில் உத்தரவாதம் செல்லாமல் போகலாம். பிளக் மாறியிருந்தால் கவலை இல்லை, கம்பியை மட்டும் மாற்றினால் போதும்.

என் விருப்பம் வேறு. 900 வெள்ளிக்குள் புதிய பிளாஸ்டிக் கணினியைவிட, அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுத் தள்ளிய, கடைக்காரர் சுத்தம் செய்து விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளையே எடுப்பேன். விசைப்பலகை உறுதியாக இருக்கும், திறந்து பழுது பார்க்கவும் எளிது. அக்கா மகனுக்கு 16 ஜிபி ரேம் உள்ள திங்க்பேட் டி14 ஒன்றை 620 வெள்ளிக்கு எடுத்தோம். மீதிக் காசில் நல்ல பை, ஒரு வெளிச் சேமிப்பு வட்டு, முதல் மாத எம்ஆர்டி செலவு.

பயன்படுத்தியதைக் கடையில் வாங்குவதற்குக் காரணம் உண்டு. 2012 செப்டம்பர் 1லிருந்து நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் (பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) பழைய பொருளுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. கேரோசெல் என்ற விற்பனைத் தளத்தில் தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆறாம் படி: பயன்படுத்தியது என்றால் பேட்டரி

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடியுங்கள். ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கோப்பு உருவாகும், எங்கே இருக்கிறது என்று அதுவே சொல்லும். அதைத் திறந்து 'டிசைன் கபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' என்ற இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். 57,000க்கு 41,000 என்றால் எழுபத்திரண்டு விழுக்காடு மிச்சம் இருக்கிறது. எழுபதுக்குக் கீழே என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேமரா, மைக், எல்லாத் துளைகள், எல்லா விசைகள் என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஆபிஸ் மென்பொருளுக்குத் தனியாகக் காசு கொடுக்கும் முன் பள்ளி மின்னஞ்சலோடு அது கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மொழி அமைப்பில் தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்துவிடுங்கள், விண்டோஸ் 11லேயே இருக்கிறது. இந்த ஊரில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் கணினியில் தமிழ் வர உழைத்தவர்கள், 1997ல் தமிழ்நெட் மாநாடு நடந்ததும் இங்கேதான். நம் வீட்டுப் பிள்ளையின் கணினியில் தமிழ் இல்லாமல் இருக்கக் கூடாது.

பின்சேர்க்கை 1: ஈசூனிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். 250 வெள்ளிக்கு வாங்கிய பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறவில்லையாம். மாடலைக் கேட்டால் இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கணினிகள் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. ஐ5, ஐ7 பெயர்களில் கோட்டுக்குப் பின் வரும் நான்கு இலக்க எண் 8ல் தொடங்குகிறதா என்று பாருங்கள், 7ல் தொடங்கினால் வேண்டாம். 10, 11, 12 என்று தொடங்கினால் இன்னும் புதியது.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் வாங்கிய பழைய கணினியை ரீசெட் செய்ததும் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கியதும்), ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலில் உள்நுழையச் சொல்கிறதாம். அந்தக் கணினி இன்னும் பழைய நிறுவனத்தின் கணக்கில் பதிவாகி இருக்கிறது. அந்த நிறுவனம்தான் அதை நீக்க முடியும், வீட்டில் என்ன செய்தாலும் திரும்பத் திரும்ப வரும். அவர் மறுநாளே ரசீதோடு கடைக்குப் போனார், வேறு ஒன்று மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இதனால் இப்போது நான் செய்வது: காசு கொடுக்கும் முன் கடையிலேயே முழு ரீசெட் செய்யச் சொல்லி, இணையத்தோடு இணைத்து, எந்த நிறுவனப் பெயரும் இல்லாமல் நம் பெயர் கேட்கும் திரை வரும்வரை பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அரை மணி நேரம் ஆகும், கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம்.