பேசாதவர் மனநிலையைக் கணிப்பது எப்படி?

தீவிர அறிவுசார் குறைபாட்டால் பேச்சு வராதவர்களுக்கான எங்கள் பகல்நேர மையத்தில் வேலைக்குச் சேரும் ஆயாக்கள் முதலில் கேட்பது, "அழுதால் வலி, சிரித்தால் சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளலாமா, டீச்சர்?" வைத்துக்கொள்ள முடியாது. ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு அடிக்கடி சிரிப்பு வருவது அந்த நிலையின் அடையாளங்களில் ஒன்று. தீவிர அறிவுசார் குறைபாடு உள்ள ஒவ்வொருவருக்கும் தனி அகராதி உண்டு. அதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

உடம்பும் மனமும் நன்றாக இருக்கிற நாளிலேயே தொடங்குங்கள். இங்கிலாந்தில் உருவான 'டிஸ்டாட்' (DisDAT) என்ற படிவத்தின் சாரம் இதுதான்: நிம்மதியாக இருக்கும்போது எப்படி, தவிக்கும்போது எப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. முகம், கண், குரல், தோல், உட்காரும் விதம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் வரட்டும். "சந்தோஷமாக இருந்தான்" என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன். "கட்டைவிரலால் உதட்டைத் தேய்த்தான், தொண்டையில் 'ம்ம்' என்ற ஓசை, தயிர்சாதத்துக்குத் தானே வாய் திறந்தான்" என்று வேண்டும். அம்மாவையும் வேன் ஓட்டுநரையும் தனித்தனியே கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் அம்மா சொல்வதற்கெல்லாம் அவர் தலையாட்டிவிடுவார்.

"இன்று சமர்த்தாக இருக்கிறாள்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீர் என்கிறது. தினமும் தட்டைத் தட்டி ஓசை எழுப்பும் ஒரு பெண் அப்படித்தான் ஒருநாள் அமைதியானாள். தட்டு மடியிலேயே கிடந்தது; கை இடது தாடையை விட்டு நகரவில்லை. கடைவாய்ப்பல் சீழ் பிடித்திருந்தது.

தவிப்பு தெரிந்தாலும் காரணம் தெரிந்துவிடாது. முதலில் உடம்பைப் பாருங்கள்: மலச்சிக்கல், பல், காது, நெஞ்செரிச்சல், மாதவிடாய், புதிதாக மாற்றிய மாத்திரை, சக்கர நாற்காலி வார் அழுத்திய இடம். பிறகுதான் வீட்டில் யார் ஊருக்குப் போனார்கள் என்ற விசாரணை. வலி என்று தோன்றினால் திருத்திய 'ஃபிளாக்' (r-FLACC) வலி அளவுகோல் உதவும்: முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறாரா என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். அவருக்கே உரிய அடையாளங்களைப் பெற்றோர் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு.

விருப்பத்தை அறிய, ஊஞ்சலை ஆட்டி நிறுத்துங்கள், காத்திருங்கள். பதில் தாமதமாகத்தான் வரும். பெரும்பாலோர் அதற்குள் அடுத்த பொம்மையை நீட்டிவிடுகிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது இந்தத் தாளோடு, நல்ல நாளில் ஒன்றும் தவித்த நாளில் ஒன்றுமாகச் செல்பேசியில் எடுத்த காணொளிகளையும் கொண்டுபோங்கள். "இவர்கள் இப்படித்தான்" என்று அவர் தொடங்கினால், நல்ல நாள் காணொளியை முதலில் காட்டுங்கள்.