சிரங்குக்கு மாத்திரை மட்டும் போதுமா, களிம்பும் வேண்டுமா?

ஐவர்மெக்டின் மாத்திரை சிரங்குப் பூச்சியைக் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டை 3, 4 நாளில் பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த வேளை மருந்து உள்ளே போக வேண்டும். அரிப்பு குறைந்ததும் அதை விட்டுவிடுவதால்தான் பலருக்குச் சிரங்கு திரும்புகிறது.

அளவு எடைக்கு ஏற்றது: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், 30 கிலோ பிள்ளைக்கு 6. சாப்பிட்டவுடன் போட்டால் நன்றாக உறிஞ்சப்படும். முதல் நாள் ஒரு வேளை, 8 முதல் 15ஆம் நாளுக்குள் இன்னொரு வேளை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை வேண்டாம். அவர்களுக்கு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்புதான். 2 மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

சாதாரணச் சிரங்குக்குக் களிம்பை ஒழுங்காகப் பூசினாலே போதும். ஒழுங்காக என்றால், அரிக்கிற இடத்தில் மட்டும் அல்ல: கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, தொப்புள், அக்குள், பிறப்புறுப்பு, வெட்டிய நகத்தின் அடி எல்லாம். சிறு குழந்தைக்கும் முதியவருக்கும் தலையிலும் முகத்திலும்கூட, கண், வாயைத் தவிர்த்து. இரவு 9 மணிக்குப் பூசி காலை 7 மணிக்குக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை.

களிம்பு மட்டும் பூசிக் குணமாகாதபோதும், விடுதி போன்ற நெருக்கமான இடங்களிலும் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. தோல் தடித்துப் பொருக்காகும் வகையில் கூட்டு மருத்துவம் கட்டாயம். அதில் பூச்சிகள் ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில் இருக்கும். மருந்தும் பொருக்கைத் தாண்டி இறங்காது. அங்கே மாத்திரை 1, 2, 8, 9, 15ஆம் நாட்களில். களிம்பு முதல் வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. பொருக்கை இளக்க சாலிசிலிக் அமிலக் களிம்பும் தேவைப்படும். இதை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது.

எந்த முறையானாலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே இரவில் மருந்து. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பவரும் விலக்கல்ல. போர்வை, துணிகளை வெந்நீரில் துவைக்கவும். முடியாதவற்றைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைக்கவும்.

பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். அதற்காகத் தினமும் பெர்மெத்ரின் பூசினால் தோல் வறண்டு அரிப்புதான் கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதைவிட மோசம், சிரங்கின் அடையாளத்தையே மறைத்துவிடும். 4 வாரத்துக்குப் பிறகும் புதுக் கொப்புளம் வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.