கொள்ளுத்தாத்தா ஊருக்கு வேட்டி கட்டிப் போவது எப்படி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஈப்போவில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கொள்ளுத்தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கணுக்கால் வரை வெள்ளை வேட்டி, மேலே கோட்டு, தோளில் மடித்துப் போட்ட துண்டு, காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு பூச்சாடி. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக்கில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். போன தை மாதம் மனைவி, மகளோடு அவர் பிறந்த ஊருக்கு முதல்முறையாகப் போனேன். சிவகங்கை மாவட்டம், காளையார்கோவிலைத் தாண்டி ஒரு கிராமம். படத்தில் இருப்பது போலவே உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்று ஓர் ஆசை. பத்து நாளில் நிறையத் தப்பு செய்தேன். மலேசியாவிலிருந்து இப்படிக் கிளம்பும் மற்றவர்களுக்கு அந்தத் தப்புகள் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஜிப்பாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு நாம் போடுகிற, கல்லும் சரிகையும் வைத்த ஜிப்பாவைத்தான் சொல்கிறேன். திருச்சியில் இறங்கிய மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு பசியாறப் போனேன். இட்லி வைத்த பையன், “எந்த மண்டபத்துல சார் கல்யாணம்?” என்றான். அங்கே ஊர்ப்பக்கம் வேட்டிக்கு மேல் அரைக்கை வெள்ளைச் சட்டைதான். வேட்டியையும் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். போன இடத்தில் வாங்குங்கள்.

கடையில் முதல் கேள்வி, “நாலு முழமா, எட்டு முழமா?” நாலு முழம் ஒற்றை வேட்டி. லேசாக இருக்கும், சீக்கிரம் காயும், ஆனால் வெயிலில் நின்றால் உள்ளே போட்டிருப்பது தெரியும். நடக்கும்போது முன்பக்கம் விரியும். எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டுவதால் கனமாக விழும். பழக்கமில்லாத நமக்கு எட்டு முழம்தான் சரி. கைத்தறி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸ் கடைக்குப் போங்கள். 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அது, பெரிய ஊர்களில் கிளை இருக்கிறது. வாங்கியதும் ஒரு முறை அலசிக் காயவைத்து விடுங்கள். புது வேட்டியின் கஞ்சி மொடமொடவென்று இருக்கும், இடுப்பில் நிற்காமல் வழுக்கும்.

ஒட்டுகிற வேட்டி என்று ஒன்று விற்கிறார்கள். இடுப்பில் வெல்க்ரோ வைத்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் இரண்டு நாள் அதைத்தான் கட்டினேன். ஒரு பந்தியில் இலைச் சாப்பாடு முடித்துத் தளர்த்திக்கொள்ளப் பார்த்தபோது ‘பர்ர்ர்’ என்று ஒரு சத்தம். பந்தியே திரும்பிப் பார்த்தது. மூன்றாம் நாள் சாதா வேட்டிக்கு மாறினேன்.

கட்டக் கற்றுக் கொடுத்தவர் பெரியப்பா. கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழிப் பேரன், எனக்குப் பெரியப்பா முறை, எண்பதைத் தாண்டியவர். அவர் சொன்னபடியே சொல்கிறேன். கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு அகட்டி நில்லுங்கள். காலைச் சேர்த்து வைத்துக் கட்டினால் அப்புறம் படி ஏற முடியாது. வேட்டியை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் இரு முனையையும் முன்னால் பிடியுங்கள். வயிற்றை நன்றாக எக்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையை எதிர்ப் பக்க இடுப்பில் இறுக்கிச் செருகி, மற்றதை அதன் மேல் கொண்டுவந்து அடுத்த பக்கம் செருகுங்கள். மேல் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு சுருட்டுச் சுருட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் மூச்சை விட வேண்டும். எந்த முனை மேலே வர வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் போகும் வீட்டுப் பெரியவர் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பார்த்து அப்படியே கட்டுங்கள்.

உள்ளே பை வைத்த அரைக்கால் டவுசர் போடுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் பணத்துக்கும் பச்சை பெல்ட். நம் ஊர் பழைய கடைக்காரர்கள் இடுப்பில் கட்டியிருப்பார்களே, பர்ஸ் வைத்த அகலமான பெல்ட், அதுதான். வேட்டியைக் கட்டி அதன் மேல் இந்த பெல்ட்டைப் போட்டால் பேருந்தில் நெரிசலுக்கும் அவிழாது. விமானத்தில் மட்டும் வேட்டி வேண்டாம். சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள், அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

கட்டுவதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். மடிப்பதற்குத்தான் நாளாகும். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டுவார்கள். எப்படி என்று கவனித்தேன். குனிவதே இல்லை. குதிகாலால் வேட்டியின் கீழ் விளிம்பைப் பின்பக்கமாக ஒரு தட்டு, துணி மேலெழும், கை அதைப் பிடித்துக்கொள்ளும். பேச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், இடுப்பில் முடிச்சும் விழுந்திருக்கும். மூன்று சாயங்காலம் முற்றத்தில் பழகினேன். தெருப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதைவிட முக்கியம், எப்போது அவிழ்த்து விடுவது. வயதில் பெரியவர் எதிரே வந்தால், கோயில் வாசலில், சாவு வீட்டில், ஒரு வீட்டுப் படியேறும்போது, மடிப்பு இறங்கியாக வேண்டும். எனக்கு இது தெரியாது. டீக்கடையில் மடித்துக் கட்டியபடியே நின்று ஒரு முதியவரிடம் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் பதிலே சொல்லவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இருமினார். மறுபடியும் இருமி, என் முழங்காலைப் பார்த்தார். அவிழ்த்து விட்டேன். “எந்த ஊரு அப்பு?” என்று முதியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

அடுத்தது கரை. கறுப்பும் சிவப்புமாகக் கரை போட்ட ஒரு வேட்டி எனக்குப் பிடித்துப்போய் வாங்கிவிட்டேன். அதைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் “வாங்கண்ணே” என்றார். மூன்றாமவர் முதியோர் பென்ஷன் நின்றுபோன கதையைச் சொல்லி, ஒரு தாளையும் நீட்டினார். மலேசியாக்காரன் என்று விளக்கி முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. கறுப்பு சிவப்பு ஒரு கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி. ‘கரை வேட்டி’ என்றாலே அங்கே கட்சிக்காரர் என்று பொருள். எந்தக் கட்சி உங்களுக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். பொன்னிறத்தில் மெல்லிய சரிகைக் கரையாகப் பார்த்து வாங்குங்கள், வம்பில்லை.

முழு வண்ண வேட்டியிலும் இதே கதைதான். கறுப்பும் நீலமும் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், பச்சையும் காவியும் முருகனுக்கு, செவ்வாடை மேல்மருவத்தூருக்கு. தைப்பூச நேரத்தில் செட்டிநாட்டுச் சாலைகளில் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகும். அந்த நேரம் நிறம் அழகாயிருக்கிறது என்று பச்சை வேட்டி கட்டிப் போனால், வழியில் ‘சாமி’ என்று கும்பிட்டு நீர்மோர் கொடுப்பார்கள். விரதம் இல்லாமல் அந்த மோரைக் குடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பத்துமலைக்கு மஞ்சள் கட்டிப் போகிற நமக்கு இது புரியும்.

கைலி வீட்டோடு சரி. கோயிலுக்கு வேண்டாம்.

பெண்கள் விஷயம் எனக்குப் பாதிதான் தெரியும். மனைவி காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்தாள். கட்டம் போட்ட, கரை அகலமான, முரட்டுப் பருத்தி. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை. பட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு மிச்ச நாளெல்லாம் அதையேதான் கட்டினாள். பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஓர் அக்கா, ஒன்றும் கேட்காமல், அவள் கொசுவத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் தன் பேருந்துக்குப் போனார். கோபப்படாதீர்கள், அங்கே அது உதவி. இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கரத்துக்குத் தடுப்புக் கம்பி இருந்தாலும் நம்ப வேண்டாம். வேட்டிக்கும் இதே எச்சரிக்கைதான். மகளுக்குப் பாவாடை தாவணி. வெள்ளிக் கடையில் அழகாயிருக்கிறது என்று மெட்டியை எடுத்துக் காலில் போட்டுப் பார்த்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, “பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்றார். கொலுசாக மாற்றிக்கொண்டு வந்தோம்.

பெரிய கோயில்களுக்கு வேட்டி கட்டிப் போனால் வாசலில் உடைக் கேள்வி வராது. திருச்செந்தூர், சுசீந்திரம், கன்னியாகுமரி பக்கம் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே உள்ளே போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அப்போது துண்டு கைகொடுக்கும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கைபேசி கூடாது. வெளியே ஒப்படைத்துவிட்டுப் போங்கள். பச்சை பெல்ட்டுக்குள் மறந்துபோய் வைத்துவிட்டு வரிசையின் கடைசிக்கே திரும்பியவன் சொல்கிறேன்.

மதுரையில் அரை நாள் இருந்தால் காந்தி அருங்காட்சியகத்துக்கும் வேட்டியோடு போய்வாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று அந்த ஊரில்தான் காந்தி மற்ற உடைகளை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். சென்னையில் ஏதாவது கிளப்பில் வேட்டிக்கு அனுமதியில்லை என்று நிறுத்தினால், 2014இல் வந்த சட்டத்தைச் சொல்லுங்கள். வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எனக்கு அந்தத் தேவை வரவில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நின்று, தேக்குத் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வது இப்போது பெரிய மோகம். நாங்களும் எடுத்தோம், படம் நன்றாகத்தான் வந்தது. கீழே ‘என் பூர்வீகம்’ என்று போடப் போன மகளைத் தடுத்தேன். மலாயாவில் வட்டிக்கடை வைத்தவர்களின் வீடு அது. எங்கள் ஆள் அந்தக் கடைகளில் கடன் வாங்கியிருந்தால்தான் உண்டு.

ஊருக்குப் போகிறவர்கள் கையோடு பழைய படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். அதை ஊரிலேயே வயதான ஆளிடம் காட்டிவிட்டு, அப்புறம் ‘எங்கள் பரம்பரை உடை’ என்ற பேச்சை எடுங்கள். நான் கைபேசியில் கொள்ளுத்தாத்தாவின் படத்தைக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது அங்கிட்டு எடுத்ததா?”

“ஆமா பெரியப்பா, ஈப்போவுல.”

“அதான பாத்தேன். இங்கன இருந்திருந்தா இப்படி உக்காந்திருக்க முடியாது.”

1930இல், சிவகங்கையும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். அது பதிவாகியிருக்கிற வரலாறு. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி போடக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்களுக்கு ரவிக்கை, தாவணி, பூ கூடாது. பெரியப்பா இதையெல்லாம் வரலாறாகச் சொல்லவில்லை. தன் அப்பா எந்தத் தெரு முனையில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார், எந்த வேப்பமரம் தாண்டியதும் மறுபடி தோளில் போடுவார் என்று கையை நீட்டிக் காட்டினார். படத்தில் இருந்த கோட்டும் கணுக்கால் வேட்டியும் செருப்பும் கொள்ளுத்தாத்தா ஊரிலிருந்து கொண்டுபோனவை இல்லை. அங்கே போய்ச் சம்பாதித்தவை.

மறுநாள் காலை குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினோம். மகள் தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். சாமி முன்னால் துண்டை இடுப்பில் கட்டுவதுதான் மரியாதை என்று யாரோ சொல்லியிருந்ததால், நான் திண்ணையிலேயே தோளிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் சுற்ற ஆரம்பித்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். துண்டை வாங்கி, உதறி, நீளமாக மடித்து, மறுபடியும் என் தோளில் போட்டார்.

“கோயிலுக்குள்ள போயிக் கட்டிக்க அப்பு. தெருவுல போறப்ப தோள்லயே கெடக்கட்டும்.”