கல்யாணத்துக்கு முன்பே பிறந்த மகன்

என் மனைவியின் மாசசூசெட்ஸ் முன்னோர் ஒருவருக்கு 1715 ஏப்ரலில் கல்யாணம். மூத்த மகன் பிறந்ததோ 1715 பிப்ரவரி! முதல் தாரம் இருந்திருக்குமோ என்று உயில்கள், கல்லறைப் பட்டியல்கள் எல்லாம் துழாவியதில் நான்கு நாள் போனது. அதே பெயரில் இன்னொருவரோ என்றும் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை.

அப்புறம்தான் தட்டச்சுப் பட்டியலை விட்டுவிட்டு, ஊர்ப் பதிவேட்டின் மூலப் பக்கத்தைப் படமாகத் திறந்தேன். டிசம்பர் 1715-க்குக் கீழே ஜனவரி 1715, பிப்ரவரி 1715. மார்ச் கடைசியில்தான் 1716 வருகிறது. 1752-க்கு முன் பிரிட்டிஷ் காலனிகளில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆக, நம் கணக்கில் பையன் பிறந்தது 1716 பிப்ரவரி, கல்யாணமாகிப் பத்தாவது மாதம். அப்பாடா!

சில எழுத்தர்கள் 1715/16 என்று இரட்டையாகவே எழுதியிருப்பார்கள். படியெடுத்தவர் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டால் தொலைந்தோம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பதிவு என்றால் இன்னும் வம்பு: அங்கே அன்று ‘முதல் மாதம்’ என்றால் மார்ச்.