சிப்ஸ் கவரில் தறிப் பை: முதல்முறை நெய்பவர்களுக்கு

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. சீசன் முடிந்தால் ஓரமெல்லாம் சிப்ஸ் கவர். உள்பக்கம் வெள்ளியாக மின்னும் இந்தக் கவரில் பிளாஸ்டிக்கோடு உலோகப் படலமும் ஒட்டியிருக்கும், பிரித்தெடுப்பது கஷ்டம். அதனால் பழைய சாமான் கடையில் எடைக்கு எடுக்கமாட்டார்கள். பால் கவருக்கு விலை உண்டு, குப்பை பொறுக்குபவரின் வரும்படி அது. ஆகவே இந்தப் பைக்குப் பால் கவர் வேண்டாம், சிப்ஸ் கவர் மட்டும்.

ஒரு பைக்கு வேண்டியவை: பத்து ரூபாய் சிப்ஸ் கவர் 40, பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கு) 2/20 பருத்தி நூல், அதாவது 20 நம்பர் நூல் இரண்டு சேர்த்து முறுக்கியது, 18 அங்குல மூங்கில் பட்டை ஒன்று, நல்ல கத்தரிக்கோல்.

1. கழுவுதல். கவரின் மேல், கீழ் ஒட்டுகளை மட்டும் வெட்டி எடுத்தால் குழாய்போல் நிற்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் தேயுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் பை காறல் வாடை அடிக்கும், எறும்பும் வரும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் மொறுமொறுத்துவிடும். சேலத்தில் அரை நாள் போதும். மலைமேல் பனிமூட்டத்தில் இரண்டு நாளாகும்.

2. வெட்டுதல். பக்கவாட்டில் பிரிக்காதீர்கள். குழாயாகவே வைத்து, ஆப்பிள் தோல் சீவுவதுபோல் ஓர் அங்குல அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டினால் ஒரு கவரில் சுமார் 2 மீட்டர் ஒரே நாடாவாக வரும். துண்டு துண்டாக வெட்டினால் வரிக்கு வரி ஒட்டுப் போட வேண்டும்.

3. தறி. பட்டுச் சேலை ஓடிய தறி ஒத்துவராது. இழை நெருக்கத்தில் கவரின் நிறமெல்லாம் மூடிப்போகும். துண்டு, போர்வை நெய்த தறி சும்மா இருந்தால் அதைக் கேளுங்கள். அங்குலத்துக்கு 16 இழை, அச்சில் (பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்புபோன்ற சட்டத்தில்) 18 அங்குல அகலம். நெய்து இறக்கினால் 16 அங்குலம் நிற்கும்.

4. நெய்தல். சறுக்குகிற இடம் இதுதான். கவர் நாடாவைத் தாரில் (நாடாக்கட்டைக்குள் போகும் நூல் குச்சியில்) சுற்றினால் பருத்துச் சிக்கும், மூங்கில் பட்டையில் சுற்றிக் கையால் விடுங்கள். பருத்தி நூல்போல் விறைப்பாக இழுத்தால் ஒவ்வொரு வரியிலும் கரை உள்ளே வந்து, ஒரு முழம் நெய்வதற்குள் துணி இடுப்புச் சிறுத்துவிடும். பிளாஸ்டிக் இழுத்தால் சற்று நீளும், பிறகு சுருங்கும், கரையையும் கூடவே இழுத்துக்கொள்ளும். எனவே நாடாவைச் சாய்வாகத் தளர விட்டு, பிறகு அச்சை அடியுங்கள். இரண்டு வரி கவருக்கு ஒரு வரி பருத்தி ஊடை (குறுக்கு இழை) போட்டால்தான் கவர் வழுக்காமல் பிடிக்கும். ஒட்டுக்கு முடிச்சு வேண்டாம். இரண்டு நுனியையும் இரண்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும். ஒரு கெஜம் நெய்தால் ஒரு பை.

5. தைத்தல். வெட்டப்போகும் கோட்டின் இருபுறமும் முதலில் ஜிக்ஜாக் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டுங்கள், இல்லையேல் ஓரம் பிரிந்து கொட்டும். 16 நம்பர் ஊசி, நீளத் தையல். குண்டூசி குத்திய ஓட்டை ஆறாது, துணி கிளிப் நல்லது. இஸ்திரிப் பெட்டி அருகில் வரவே கூடாது. உள்ளே காடாத் துணி லைனிங் கட்டாயம்.

பின்சேர்க்கை: தையல் மெஷின் பாதம் கவரில் ஒட்டிக்கொண்டு துணி நகரவில்லை என்றால் பாதத்தின் அடியில் செல்லோ டேப் ஒட்டுங்கள். மிஞ்சும் நறுக்குகளைக் கொளுத்தாதீர்கள், தலையணைக்குள் திணிக்கலாம்.

விலை போடும்போது நெசவுக்கு மட்டும் கூலி கணக்கிடுவது பெரிய அநியாயம். 40 கவரைக் கழுவி வெட்டவே ஓர் ஆளுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும், நெய்யவும் ஏறக்குறைய அவ்வளவே. குழுவாகச் சேர்ந்து செய்யும்போது கழுவும் வேலை பெரும்பாலும் தறி ஏறத் தெரியாத பெண்களிடம்தான் போகிறது. அந்த மூன்று மணிக்கும் நெசவுக்குக் கொடுக்கும் அதே மணிக்கூலி எழுதுங்கள். பை விற்கும்வரை காக்க வைக்காமல் அன்றைக்கே கொடுங்கள்.