ஆண்டவரின் தண்டனை நியாயமா? வாலிபர் வேதபாடத்தில் எப்படிப் பேசலாம்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வாலிபர்களுக்குப் பழைய ஏற்பாடு நடத்துகிறவர்களிடம் இந்தக் கேள்வி எப்படியும் வரும்: தாவீது ராஜா ஜனத்தைக் கணக்கெடுத்ததற்குத் தண்டனையாக 70,000 பேர் ஏன் சாக வேண்டும்? "ஆண்டவரைக் கேள்வி கேட்காதே" என்று அடக்கிவிடாதீர்கள், அப்புறம் அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

முதலில் 2 சாமுவேல் 24ஐ முழுசாக, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 17ஆம் வசனத்தில் தாவீதே, பாவம் செய்தவன் நான், இந்த ஆடுகள் (ஜனங்கள்) என்ன செய்தன என்று கேட்கிறார். பிறகு ஆதியாகமம் 18. ஆண்டவர் அழிக்கப்போகும் சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் 50 நீதிமான்களில் ஆரம்பித்து 10 வரைக்கும் கேட்டுக்கொண்டே இறங்குகிறார், பூமிக்கெல்லாம் நியாயாதிபதி நீதி செய்யாமல் இருப்பாரோ என்றும் நேராகவே கேட்கிறார், ஆண்டவர் அவரை அதட்டவில்லை. கேள்வி கேட்டவன் அவிசுவாசி அல்ல என்பது அங்கேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, அப்பா செய்த பாவம் பிள்ளைமேல் வருமா? இதற்கு நேரம் கொடுங்கள். யாத்திராகமம் 20:5 மூன்றாம் நான்காம் தலைமுறை வரை என்கிறது. உபாகமம் 24:16 அவனவன் தன் பாவத்துக்காகவே சாக வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் அமத்சியா ராஜா, தன் அப்பாவைக் கொன்றவர்களின் பிள்ளைகளைக் கொல்லாமல் விட்டார் (2 இராஜாக்கள் 14:6). கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபோன கூட்டத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியும் ஒருவர். பிதாக்கள் தின்ற புளிப்புக்கு எங்கள் பல் கூசுகிறதே என்று புலம்பியவர்களிடம், இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று 18ஆம் அதிகாரம் முழுக்க வாதாடுகிறார். இவற்றை ஒட்டவைத்துச் சமாளிக்காதீர்கள், வேதத்துக்குள்ளேயே ஒரு வழக்கு நடக்கிறது. நான் எசேக்கியேல் பக்கம்தான் நிற்பேன், தண்டனை வாங்கிக்கொண்டிருந்த ஜனத்தின் நடுவில் உட்கார்ந்து பேசியவர் அவர்.

எலிசா தீர்க்கதரிசியைக் கேலி செய்த 42 பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்டதே (2 இராஜாக்கள் 2:23-24), அது? "அவர்கள் ரவுடிகள்" என்று சப்பைக்கட்டு வேண்டாம். கஷ்டமான பகுதி என்றே சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அது நியாயத்தீர்ப்பு என்று யாராவது ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, யோபு 42:7ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கஷ்டப்பட்ட யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கஷ்டம் என்று சாதித்த சிநேகிதர்கள்மேல்தான் அங்கே ஆண்டவருக்குக் கோபம்.

யோனாவை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நினிவே தண்டனைக்குத் தப்பியதே அநியாயம் என்று தீர்க்கதரிசியே கோபப்படுகிறார், அதற்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும்.