காசில்லாத கிளையன்டிடம் பண்டமாற்று பேசும்போது

"பட்ஜெட் இல்லைங்க, பதிலுக்கு ஏதாவது செய்து தருகிறேன்" என்று கிளையன்ட் சொன்னால் உடனே மறுக்க வேண்டாம். அவர் தருவதை நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா என்று மட்டும் யோசியுங்கள். போட்டோகிராபர் உங்கள் வெப்சைட்டுக்குப் படம் எடுத்துத் தந்தால் லாபம். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஜிம்முக்கு ஒரு வருட மெம்பர்ஷிப் என்றால் அது இலவச வேலைதான். ('நாலு பேருக்கு உங்களைப் பற்றிச் சொல்கிறேன்' என்பது பண்டமாற்றிலேயே சேராது.)

சரி, ஒத்துவந்தால் இரண்டு பக்கமும் ரூபாயில் விலை போடுங்கள். லோகோவுக்கு வழக்கமாக 8,000 வாங்கினால், அவர் வேலையும் அதே 8,000-க்கு இருக்கட்டும். எத்தனை திருத்தம், எந்தத் தேதிக்குள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு தையல் கடைக்கு வெப்சைட் முடித்துக் கொடுத்தேன். என் இரண்டு சட்டை இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் பாதி வேலைக்குப் பாதி வேலை என்றுதான் கைமாற்றுகிறேன்.

அப்புறம் வரி. 2017-ஆம் ஆண்டின் ஜிஎஸ்டி சட்டம், 7-வது பிரிவில், பண்டமாற்றையும் சப்ளையாகவே, அதாவது காசுக்கு விற்பது போலவே, எடுத்துக்கொள்கிறது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், காசு கைமாறாவிட்டாலும் பில் போட்டுவிடுங்கள்.